பௌர் கட்டியதா, கம்பெனி ஃபிட்டிங்கா?

ஒரே கார், கூரை திறக்கும் விதம் மட்டும் இரண்டு. 1980களின் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், அதாவது ஈ30. ஒன்று பிஎம்டபிள்யூ தானே கட்டிய கன்வெர்ட்டிபிள். இன்னொன்று ஸ்டுட்கார்ட்டில் இருந்த பௌர் என்ற பாடி கட்டும் நிறுவனம், முழுசாக வந்திறங்கிய இரண்டு கதவு செடானின் கூரையை அறுத்துச் செய்த டாப் கேப்ரியோலெட், சுருக்கமாக டிசி. நான் வாங்கியது பௌர். ஆறு வருஷமாக வைத்திருக்கிறேன். தராசு அந்தப் பக்கம்தான் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அழகில் போட்டியே இல்லை, கம்பெனி கார்தான். துணிக்கூரை மடிந்து ஒரு தகர மூடிக்குள் போய்விடும். முன் கண்ணாடியிலிருந்து டிக்கி வரை கண்ணை உறுத்த ஒன்றும் இருக்காது. பௌரில் நட்டநடுவே கனமான ஒரு வளைவு எழுந்து நிற்கும், பூக்கூடைக்குப் பிடி வைத்த மாதிரி. கார்மன் என்ற பாடி நிறுவனம் கட்டிய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கேப்ரியோலெட்டை ஜெர்மானியர்கள் ஸ்ட்ராபெர்ரிக் கூடை என்று கிண்டல் செய்ததும் இந்த மாதிரி ஒரு வளைவுக்காகத்தான்.

அந்த வளைவு ஏன் வந்தது என்பதில் ஒரு கதை இருக்கிறது. கார் உருண்டாலும் தலை தப்ப வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வரப்போகிறது, திறந்த காருக்கு இனி இடமில்லை என்று 1970களில் எல்லோருமே நம்பினார்கள். 1976 கேடிலாக் எல்டொராடோவைக் கடைசி அமெரிக்க கன்வெர்ட்டிபிள் என்று சொல்லியே விற்றார்கள். பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பயத்தில் பெரிய கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்ட இடத்தில்தான் பௌர் மாதிரி ஆட்களுக்கு வேலை கிடைத்தது. ஈ30-இல் பௌர் டிசி முதலில் வந்துவிட்டது. பிஎம்டபிள்யூ தன் சொந்த கன்வெர்ட்டிபிளை 1985இல்தான் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டியது.

பௌரைக் கூரை அறுக்கும் பட்டறை என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். 1910இல் தொடங்கியது. பிஎம்டபிள்யூ எம்1, ஆடி ஸ்போர்ட் குவாட்ரோ இரண்டிலுமே அவர்கள் கைவேலை உண்டு.

வளைவுக்கு இன்னொரு காரணம், உலோகம். அந்தக் காலத்தில் சேஸி தனியாக வரும், அதன்மேல் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற மாதிரி எந்த உருவத்தையும் கட்டலாம். டெலாஹே என்ற பிரெஞ்சு கார்களுக்குப் பாரிஸில் ஃபிகோனி என்ற பாடி கட்டுநர் கட்டிய நீர்த்துளி மட்கார்டுகளெல்லாம் அப்படிப் பிறந்தவை. பாடியே சேஸியாகவும் இருக்கும் மோனோகாக் வந்ததும் அந்தச் சுதந்திரம் போயிற்று. கூரையும் சுமை தாங்கும் உறுப்பாகிவிட்டது. உள்தட்டை உருவிய தீப்பெட்டியை விரலால் அழுத்திப் பாருங்கள். கூரை அறுத்த காரும் அப்படித்தான் முறுக்கிக்கொள்ளும். பிஎம்டபிள்யூ முன் கண்ணாடிச் சட்டத்தையும் அடிப்பகுதியையும் பலப்படுத்தி அதைச் சமாளித்தது. பௌர் வளைவை வைத்துச் சமாளித்தது.

சாலையில் வித்தியாசம் தெரிகிறதா? எனக்குத் தெரிந்தது. மேடுபள்ளத்தில் நண்பரின் கம்பெனி காரில் உள்கண்ணாடியில் தெரிகிற உருவம் நடுங்கியது, என் காரில் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் நான் அவர் காரை ஓட்டியது இரண்டே வார இறுதிகள், அதன் சஸ்பென்ஷன் புஷ்களும் தேய்ந்திருந்தன. தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திறப்பதில் கம்பெனி காருக்கு இரண்டே நிலைதான், திற அல்லது மூடு. பௌரில் கூரையின் முன்பலகை தனி, பின்னால் இருக்கும் துணி தனி. பாதி நாள் நான் முன்பலகையை மட்டும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறேன். தலைக்கு மேலே வானம், கழுத்தில் காற்று அடிக்காது, பேசினால் காதில் விழும். என்ன, கழற்றிய பலகை டிக்கியில் படுத்துக்கொள்ளும். அப்புறம் பெட்டி வைக்க இடம் தேட வேண்டும்.

இதெல்லாம் ஓரமாக இருக்கட்டும். அரிய காரில் கையைக் கடிக்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான், ரப்பர்.

வாங்கிய முதல் மழையிலேயே இடது முழங்காலில் சொட்டு விழுந்தது. முன்பலகைக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய ரப்பர் பீடிங்குக்குப் பதிலாக, பழைய ஓனர் கடையில் கிடைத்த ஏதோ ஒன்றை ஒட்டியிருந்தார். கனம் இரண்டு மில்லிமீட்டர்தான் அதிகம். அதனால் பலகை ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு பட்டறையில் காட்டினேன். “சிலிக்கான் அடிச்சா போதும் சார்” என்றார்கள். சரி என்று தலையாட்டினேன், அது என் தப்பு. அடுத்த வருஷம் மிதியடியைத் தூக்கினால் அடியில் ஈரம், மூலையில் துரு. சிலிக்கான் தண்ணீரைத் தடுக்கவில்லை, வெளியே போகும் வழியைத்தான் அடைத்திருந்தது.

கடைசியில் இன்னொரு பௌர் ஓனர் தன் காரின் பழைய பீடிங்கைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை வரைதாளில் வரைந்து அனுப்பினார். அதை வைத்து ஒரு ரப்பர் ஆலையில் சில மீட்டர் அடித்து வாங்கினோம். பொருத்திய பிறகு ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் வைத்துப் பலகையை மூடி, இழுத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து முழங்கால் நனையவில்லை.

அந்த அலைச்சலில்தான் எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. கார் எத்தனை அரியது என்பதை விட, அந்தக் காருக்கே உரிய பாகங்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். பௌரில் எஞ்சின், கியர், பிரேக், டேஷ்போர்டு, விளக்கு, பானெட் எல்லாமே ஈ30தான். கதவும், கதவுக் கண்ணாடியும், அதன் சட்டமும்கூட செடானுடையவை. பௌருக்கே உரியவை முன்பலகை, அதன் பூட்டுகள், வளைவின் உறை, பின்துணியும் அதன் கம்பிச்சட்டமும், இவற்றின் ரப்பர்கள். ஒரு பக்கத் தாளில் அடங்கிவிடும். துணியை நல்ல குஷன் வேலைக்காரர் பழசைப் பார்த்து வெட்டித் தைத்துவிடுவார்.

பௌருக்கு முன்னால் நான் மயங்கி நின்றது பெஜோ 504 கேப்ரியோலெட் பக்கத்தில். 1969இல் வந்தது, உருவம் பினின்ஃபரினா. அடியில் சாதாரண 504தான், ஆனால் மேலே பார்த்தால் செடானோடு ஒட்டுறவே கிடையாது. ஆரம்ப வண்டிகளின் பின்விளக்கு சாய்ந்த மூன்று கோடுகளாக இருக்கும். விற்க வந்தவரின் காரில் அதில் ஒரு லென்ஸ் விரிசல். இரண்டு வருஷமாகத் தேடுகிறேன் என்றார். மாலை வெயிலில் அந்தக் காரைப் பார்த்த கண்ணுக்கு வேறு கார் ரசிக்காது. ஆனாலும் திரும்பி வந்துவிட்டேன்.

இந்தக் கணக்கில் கம்பெனி கன்வெர்ட்டிபிள் பௌரையும் தோற்கடிக்கும், அதை மறைக்க முடியாது. 1993 வரை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். பௌர் ஈ30 அதில் ஒரு சிறு பங்குதான். கம்பெனி காருக்குக் கூரைத்துணியைத் தைத்து விற்கவே ஆட்கள் இருக்கிறார்கள். பௌர் நிறுவனமோ 1990களின் இறுதியில் நொடித்துப்போனது. தினமும் ஓட்ட வேண்டும், மழையிலும் வெளியே நிற்கும் என்றால் யோசிக்காமல் கம்பெனி காரை எடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டம், ஷெட் இருக்கிறது, கையில் கொஞ்சம் பொறுமையும் இருக்கிறது என்றால் அந்தத் தாளில் அடங்கும் பட்டியலைச் சமாளித்துவிடலாம். ஒருமுறை சரியாகச் செய்த ரப்பர் பல வருஷம் உழைக்கும்.

மறுவிற்பனை பற்றி எனக்குப் பெரிய அனுபவமில்லை, நான் இன்னும் விற்கவில்லை. அரியது என்பதால் உடனே போகும் என்று மட்டும் எண்ண வேண்டாம். பத்துப் பேர் நின்று படம் எடுப்பார்கள், விலை கேட்பவர் ஒருவர்தான். வளைவைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் உண்டு.

பார்க்கப் போகும்போது ஒரு ஜாக்கி கொண்டுபோங்கள். ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இடித்தால் அடிப்பகுதி துருவில் போயிருக்கிறது, பளபளக்கும் பெயின்டை நம்பாதீர்கள். அப்புறம் முன்பலகை எங்கே என்று கேளுங்கள். வீட்டில் இருக்கிறது, பிறகு தருகிறேன் என்று சொன்னால், அதைக் கண்ணால் பார்க்கும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.