ராட்51 ஆன்டிபாடி: முயலா, எலியா, ரீகாம்பினன்டா?

புதுச்சேரி காலாப்பட்டில் இருந்துகொண்டு ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடி ஒட்டுவது) ஆர்டர் போடுபவர்களுக்குத் தெரியும்: கொட்டேஷன், கையெழுத்து எல்லாம் முடிந்து, வெளிநாட்டுச் சரக்கு சென்னையில் இறங்கி, ஈசிஆர் வழியாகத் தெர்மாகோல் பெட்டியில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். பொருந்தாத குப்பி வந்தால் அத்தனையும் வீண்.

ராட்51, டிஎன்ஏவின் இரு இழைகளும் அறுந்த இடத்தைப் பழுதுபார்க்கும் புரதம். அதை அங்கே கொண்டுபோய் உட்காரவைப்பது பிஆர்சிஏ2 என்ற இன்னொரு புரதம். அறுந்த இடங்களில் ராட்51 திரள்வதுதான் மைக்ராஸ்கோப்பில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

முயல் பாலிக்ளோனல் (முயல் உடம்பில் உண்டான பல ஆன்டிபாடிகளின் கலவை) ராட்51 புரதத்தின் பல இடங்களில் ஒட்டும். சிக்னல் பலமாக வரும். ஆனால் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் குணமும் மாறலாம், வெஸ்டர்னில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் சோதனை) வேண்டாத பேண்டும் கூடலாம். அந்த முயல் போனால் அந்த ஆன்டிபாடியும் போச்சு. விந்தகத் திசுவில் வேலை என்றால் இன்னும் கவனம் வேண்டும்: ராட்51-இன் நெருங்கிய சொந்தமான டிஎம்சி1 புரதம் அங்கே இருக்கிறது, ஆன்டிபாடி அதிலும் ஒட்டிவிடலாம். சீனியர் பழைய பாலிக்ளோனலில் எடுத்த டேட்டாவைத் தொடர்வதென்றால் மட்டும் இதை வாங்கலாம்.

எலி மோனோக்ளோனல் (ஒரே வகை ஆன்டிபாடி) ஒரே இடத்தில் மட்டும் ஒட்டும். வெஸ்டர்னுக்குச் சுத்தமானது. சிக்கல் ஸ்லைடில்தான். ராட்51 புள்ளியோடு, டிஎன்ஏ அறுந்த இடத்தைக் காட்டும் காமா எச்2ஏஎக்ஸையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். பல லேப்களில் அதற்கு இருப்பது ஜேபிடபிள்யூ301 என்ற எலி ஆன்டிபாடி. இரண்டும் எலி என்றால் சாதாரண செகண்டரிக்கு (முதல் ஆன்டிபாடியின் மேல் ஒட்டி அதைக் காட்டும் இரண்டாவது ஆன்டிபாடி) எது எதுவென்று தெரியாது. ஐசோடைப் (ஆன்டிபாடியின் உள்வகை) வேறாக இருந்தால் தப்பிக்கலாம், அதற்கும் தனி செகண்டரி வாங்கவேண்டும்.

ரீகாம்பினன்ட் முயல் மோனோக்ளோனல் விலை கூடத்தான். ஆனால் வரிசை தெரிந்த ஜீனிலிருந்து தயாராவதால் லாட்டுக்கு லாட் பெரிதாக மாறாது. எலி எச்2ஏஎக்ஸோடும் மோதாது. என் ஓட்டு இதற்கே.

எதை வாங்கினாலும் சோதிக்காமல் நம்பக்கூடாது. ராட்51 இல்லாமல் செல் பிழைக்காது. அதனால் நாக்அவுட் (அந்த ஜீனையே நீக்கிய செல்) கேட்டுப் பிரயோஜனமில்லை, எஸ்ஐஆர்என்ஏ (ஜீனின் வேலையை அடக்கும் சிறு ஆர்என்ஏ) போட்டு ராட்51-ஐக் குறைத்து, சிக்னலும் குறைகிறதா என்று பாருங்கள். பிஆர்சிஏ2 பழுதான கேபன்-1 என்ற புற்றுநோய்ச் செல் கிடைத்தால் இன்னும் நல்லது: டிஎன்ஏவை உடைத்தாலும் அதில் ராட்51 புள்ளிகள் வரக்கூடாது. அப்புறம், வெஸ்டர்னில் லோடிங் கன்ட்ரோலுக்கு (எல்லாவற்றிலும் ஒரே அளவு புரதம் போட்டோமா என்று பார்க்க) ஜிஏபிடிஎச் புரதத்தை வைக்காதீர்கள். ராட்51-உம் அதுவும் 37 கிலோடால்டன் பக்கத்திலேயே ஓடும். ஒரே மெம்பரேனில் எந்தப் பேண்ட் எதனுடையது என்று மண்டை காயும். அதற்குப் பதில் வின்குலின் புரதம் வைத்தால் 120 பக்கம் நிற்கும், தொந்தரவில்லை.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மாதிரி இன்னொன்று வந்து கரன்ட் போனால் எல்லாக் குப்பியும் ஒன்றுதான். மற்ற நாட்களில், பாதி கிளிசரால் கலந்தது -20-இல் உறையாது. அதை அப்படியே வைக்கலாம். கிளிசரால் இல்லாததை, திரும்பத் திரும்ப உறைந்து கரையாமலிருக்க, வந்த அன்றே சின்னச் சின்ன டியூப்களில் பிரித்துவிடுங்கள். தானாகப் பனி கரைக்கும் வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் மட்டும் வேண்டாம்.