வயிற்றுப் புற்று அறுவையில் செல் சேவர்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

கல்லீரலின் ஒரு பாதியை வெட்டி எடுப்பது, வயிற்றின் பின்சுவரில் ஒட்டி வளர்ந்த சார்கோமாவை (தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் புற்று) அகற்றுவது, சிறுநீர்ப்பையை முழுதாக எடுப்பது. இந்த மாதிரி மேசைகளில் ஒன்று, இரண்டு லிட்டர் ரத்தம் போவது அதிசயமில்லை. சிந்துகிற ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, சிவப்பணுக்களை மட்டும் அதே நோயாளிக்குத் திருப்பித் தரும் செல் சேவர் இயந்திரம் இங்கே வாங்கத் தகுந்ததா என்று கேட்டால், தகுந்ததுதான். ஒரு நிபந்தனை உண்டு: சக்‌ஷன் பிடிப்பவரும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவரும் அறுவை முடியும்வரை வாய்விட்டுப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாத தியேட்டரில் இது வெறும் செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

அமைப்பு எளியது. சக்‌ஷன் லைனுக்குள் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்றில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் கலந்த சலைன் (ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 30,000 யூனிட்) முனைவரை சொட்டும். மற்றதில் அது ரத்தத்தோடு கலந்து ரிசர்வாயருக்கு (சேகரிப்புத் தொட்டி) திரும்பும். உறிஞ்சத் தொடங்கும் முன் இந்தக் கரைசலில் 100 முதல் 200 மி.லி. விட்டு ரிசர்வாயரின் ஃபில்டரை நனைத்துவிட வேண்டும். பிறகு 100 மி.லி. ரத்தத்துக்கு ஏறக்குறைய 15 மி.லி. என்ற கணக்கில் சொட்டினால் போதும். ஹெப்பரின் ஒத்துக்கொள்ளாத நோயாளிக்கு சிட்ரேட் கரைசல்.

அதிகம் நடக்கும் தவறு, இந்தச் சொட்டின் கிளாம்பைத் திறக்க மறப்பது. பத்து நிமிடத்தில் அது தெரிந்துவிடும். ஃபில்டரின் மேல் கருஞ்சிவப்பில் ஜெல்லி போல் திரளும், ரத்தம் அதன்மேலேயே தேங்கி நிற்கும், அடியில் அளவுக்கோடு நகரவே நகராது. அந்த நிலையில் ரிசர்வாயரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. உள்ளே உறைந்தது போனதுதான்.

அடுத்தது உறிஞ்சும் அழுத்தம். 100 முதல் 150 மி.மீ. பாதரச அளவில் வைத்தால் அணுக்கள் உடைவது குறையும். ரத்தம் கொட்டும்போது கூட்டலாம், அடங்கியதும் மறக்காமல் இறக்க வேண்டும். முனை தேங்கிய ரத்தத்துக்குள் முழுகி இருக்க வேண்டும். மேற்பரப்பில் காற்றையும் ரத்தத்தையும் சேர்த்து ‘சர்ர்’ என்று இழுக்கும் சத்தம் கேட்டால், அங்கே சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். உடைந்ததை எந்த இயந்திரமும் ஒட்டித் தராது.

ரத்தத்தைச் சுழற்றிக் கழுவும் கிண்ணமான பவுலின் அளவை விற்பவர்கள் பெரிதாகச் சொல்வதில்லை. எங்கள் கணிப்பில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். 225 மி.லி. பவுல் 55 சதவீத ஹீமட்டோகிரிட்டில் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) நிரம்ப 124 மி.லி. சிவப்பணு வேண்டும். நோயாளியின் ஹீமட்டோகிரிட் 30, சிந்தியதில் 60 சதவீதம் கைக்கு வருகிறது என்று வைத்தால், ஒரு பவுல் நிரம்பவே 690 மி.லி. ரத்தம் போயிருக்க வேண்டும். பாதி நிரம்பிய பவுலைக் கழுவினால் கழுவலும் சரியாக இருக்காது, வருவதும் தண்ணீராக இருக்கும். 125 மி.லி. பவுலும் பொருந்தும் இயந்திரமாக வாங்குவது நல்லது. முதலில் ரிசர்வாயரையும் லைனையும் மட்டும் உறை பிரித்துச் சேகரித்துக்கொண்டு, அளவு தேறிய பிறகு பவுல் செட்டைப் பிரிப்பதே சிக்கனம்.

பெரிய பவுலுக்குக் குறைந்தது ஒரு லிட்டர் சலைன் விட்டுக் கழுவ வேண்டும். கழிவுக் குழாய்க்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். தொடக்கத்தில் சிவப்பாக ஓடுவது, முடியும்போது எழுத்துத் தெரியும் அளவுக்குத் தெளிந்திருக்க வேண்டும். தெளியாவிட்டால் இன்னொரு 500 மி.லி. விடுங்கள். அவசரத்தில் கழுவலைப் பாதியில் நிறுத்தினால் ஹெப்பரினும் உடைந்த அணுக்களின் ஹீமோகுளோபினும் நோயாளிக்குள் போகும். ‘கட்டிய இடமெல்லாம் மறுபடியும் கசிகிறதே’ என்று சர்ஜன் சொல்லும்போது இதையும் சந்தேகிக்க வேண்டும்.

இனி, புற்று என்பதால் வரும் கேள்வி. சிந்திய ரத்தத்தில் புற்றணுக்கள் இருக்கின்றன. 1990-களிலேயே காட்டப்பட்ட விஷயம் இது. கழுவல் அவற்றை முழுதாக நீக்காது. அதனால் திருப்பிக் கொடுக்கும் வழியில் வெள்ளையணு வடிகட்டி சேர்க்கிறார்கள்; அது புற்றணுக்களைப் பெருமளவு பிடித்துக்கொள்கிறது. 50 கிரே கதிர்வீச்சுக் கொடுத்துத் திருப்பும் முறையும் உண்டு, ஆனால் கருவி தியேட்டருக்குப் பக்கத்தில் இருந்தால்தான் சாத்தியம். இதுவரை வந்த ஒப்பீடுகள் நோய் திரும்புவது கூடுகிறது என்று காட்டவில்லை. ஆனாலும் அவை பெரும்பாலும் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவை. ஆகவே அறுவைக்கு முன்பே நோயாளியிடம் விளக்கி ஒப்புதல் வாங்குவதை விட்டுவிடக் கூடாது.

வடிகட்டியைவிட முக்கியமானது, எதை உறிஞ்சக் கூடாது என்பது. மேசையில் எப்போதும் இரண்டு சக்‌ஷன் இருக்கட்டும். கட்டியை வெட்டும் விளிம்பு, உடைந்த கட்டி, திறந்த குடல், பித்தம், சீழ், பெட்டடின் கழுவல், ரத்தத்தை உறைய வைக்கும் பொடியும் பசையும், வயிற்றுக்குள் சூடாக ஓட்டும் புற்று மருந்துக் கரைசல் எல்லாம் சாதாரண சக்‌ஷனுக்கே. புற்றணுக்களை வெடிக்கச் செய்ய சில சர்ஜன்கள் கடைசியில் காய்ச்சி வடித்த நீர் விட்டு அலசுவார்கள். அதே நீர் ரிசர்வாயருக்குள் போனால் அதுவரை சேர்த்த சிவப்பணுக்களையும் வெடிக்கச் செய்துவிடும். ‘தண்ணி விடறேன்’ என்ற சொல் வந்ததும் செல் சேவர் முனை மேசையை விட்டு விலக வேண்டும்.

வடிகட்டிக்கும் விலை உண்டு. ஓட்டம் மெதுவாகும், குறிப்பிட்ட அளவுக்குப் பிறகு மாற்ற வேண்டும். சில நேரம் ரத்தம் ஏறத் தொடங்கிய சில நிமிடங்களில் பிரஷர் சட்டென்று விழும். ரத்தக் குழாய்களை விரிக்கும் பிராடிகைனின் என்ற பொருள்தான் காரணம் என்று கருதப்படுகிறது. ரத்த அழுத்தத்துக்கு ஏசிஇ தடுப்பு வகை மாத்திரை சாப்பிடுபவர்களிடம் இன்னும் எதிர்பார்க்கலாம். ரத்தப்போக்கு என்று நினைத்து அதே பையை வேகப்படுத்துவதுதான் இங்கே செய்யக்கூடாத காரியம். பையை நிறுத்துங்கள், பிரஷரை மருந்தால் தூக்குங்கள். இயந்திரத்திலிருந்து நேராக வரும் பையில் காற்று இருக்கும், அதற்கு பிரஷர் பேக் (பையை அழுத்தி வேகமாக ஏற்றும் உறை) கட்டவே கூடாது. கழுவிய ரத்தத்தை அறை வெப்பத்தில் 4 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பெயர், எண், நேரம் எழுதிய பை நோயாளியின் அருகிலேயே தொங்கட்டும்.

திரவக் கணக்குக்கு இந்த இயந்திரம் நல்ல துணை, சரியாகக் கழித்தால். ரிசர்வாயரில் 2,500 மி.லி. இருக்கிறது என்போம். ஹெப்பரின் சலைன் 350, அலசிய சலைன் 950 போக ரத்தம் 1,200. ரத்தம் ஒற்றிய துணிகளான மாப்புகளை எடை போட்டால் (ஒரு கிராமுக்கு ஒரு மி.லி.) இன்னும் 400. மொத்த இழப்பு 1,600. திரும்பி வருவதோ கழுவிய சிவப்பணுக் கலவையாகச் சுமார் 450 மி.லி. ‘ரத்தம் ஏறுகிறதே’ என்று சலைனை நிறுத்திவிட்டால், போன பிளாஸ்மாவின் இடம் காலியாகவே இருக்கும். அந்த இடத்தை ரிங்கர் லாக்டேட் போன்ற சமநிலைக் கரைசலாலோ ஆல்புமினாலோ நிரப்ப வேண்டும், அதுவும் பல்ஸ் பிரஷர் மாறுபாடு (மூச்சோடு சேர்ந்து நாடி அழுத்தம் மாறும் அளவு), ரத்தத்தின் லாக்டேட் அளவு, சிறுநீர் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து. கல்லீரலை வெட்டும் கட்டத்தில் மட்டும் சிரை அழுத்தத்தைத் தாழ்வாக வைத்திருப்பதால், பெரும்பகுதியை வெட்டு முடிந்த பிறகே கொடுக்க முடியும்.

பையில் பிளேட்லெட்டும் இல்லை, உறைகாரணிகளும் இல்லை. மூன்று நான்கு பவுல் திரும்பிவிட்டால் ஹீமோகுளோபின் 9 என்று அழகாக நிற்கும், ரத்தத்தை உறைய வைக்கும் புரதமான ஃபைப்ரினோஜன் மட்டும் சரிந்திருக்கும். லிட்டருக்கு 1.5 கிராமுக்குக் கீழே போனால் கிரையோவை (ஃபைப்ரினோஜன் செறிந்த பிளாஸ்மாப் பொருள்) கேளுங்கள். கால்சியத்தையும் அதே ரத்தச் சாம்பிளில் பார்த்துவிடலாம்.

வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டியவை: சிறிய பவுல் தனியாகக் கிடைக்குமா, அந்த இயந்திரத்தின் பைக்குப் பொருந்தும் வெள்ளையணு வடிகட்டி கையிருப்பில் இருக்குமா, இரவு அவசரத்துக்கு இயக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேரைப் பழக்கித் தருவார்கள். சாதாரண குடல் புற்று அறுவைகள் மட்டுமே நடக்கும் இடத்துக்கு இது வேண்டாம். அங்கே சிந்தும் ரத்தம் குறைவு, கலப்படமும் அதிகம். கல்லீரலும் சிறுநீர்ப்பையும் வாரந்தோறும் நடக்கும் இடம், மாற்றிப் போட இரண்டாவது வெள்ளையணு வடிகட்டியையும் சேர்த்தே வாங்கி வைக்கட்டும்.