யானையைத் தடுக்க அகழியா, சூரிய மின்வேலியா?

கோவை, நீலகிரி மலையடிவாரத் தோட்டங்களில் இரண்டுமே உண்டு. அகழிக்கு மின்சாரம் தேவையில்லை. ஆயினும் பாறை நிலத்தில் அதை வெட்டுவது கடினம், மழையில் கரை சரிந்து தூர்ந்துவிடும், யானைகளே மண்ணை உதைத்துத் தள்ளி வழி அமைத்துக்கொள்ளும், குட்டிகள் உள்ளே விழவும் கூடும். முறையாக அமைத்த மின்வேலியோ, மின்கலத்தின் ஆற்றலை நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை, கணநேரத் துடிப்பாக மட்டுமே செலுத்துவதால், விலங்கைக் கொல்லாமல் அதிரவைத்துத் திருப்பி அனுப்பும். செடிகொடிகள் கம்பியில் படர்ந்தால் அந்த அதிர்ச்சி குறையும். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்று கண்டுகொண்ட கொம்பன்கள் அதைக் கொண்டே கம்பியை அறுக்கும். ஆகவே தொடர்ந்து களையெடுக்க ஆளுள்ளவர்களுக்கே மின்வேலியைப் பரிந்துரைப்பேன். மின்வாரிய இணைப்பை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது: 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் சிக்கி 3 யானைகள் மாண்டன.