வெட்டின கட்டை மறுகா தழைக்காம இருக்க செஞ்சு பார்த்ததெல்லாம்

எங்கட வளவு மட்டக்களப்பு கல்லடிப் பக்கம், முழுக்க மணல், கிணறும் வீட்டோட ஒட்டித்தான் இருக்கு. சீமைக்கிளுவை வேலிய எடுத்துப்போட்டு மதில் கட்டுவம் எண்டு தொடங்கின வேலை, அதுக்குப் பிறகு பூவரசு, வேம்பு, பின்வளவில இப்பில் இப்பில் (சூபாபுல்) எண்டு வருசக்கணக்கா இழுபட்டுட்டுது. "என்னத்தப் போட்டா கட்டை சாகும்" எண்டு கேட்டா ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவாங்க, உப்பு, மண்ணெண்ணெய், கழிவு ஒயில், துளை போட்டுப் பெருங்காயம். அதால எனக்கு எது சரி வந்திச்சி, எது வரல்ல எண்டு எழுதிப்போடுறன்.

தென்னை, பனை வெட்டின ஆக்கள் இதுக்கு மண்டைய உடைக்கத் தேவயில்ல. அதுகளுக்குக் குருத்து ஒண்டுதான், தலை போனா மறுகா வராது. ஆனா தென்னங்கட்டைய அப்பிடியே உக்க விட்டா கருவண்டு அதுக்குள்ள முட்டை போட்டு மத்தத் தென்னைக்கு வேலை வெச்சிரும், பிளந்து எரிச்சிருங்க.

மத்த மரங்கள் அப்பிடி இல்ல. மேல வெட்டினாலும் வேருக்குள்ள சேத்து வெச்ச சாப்பாடு அப்பிடியே கிடக்கும், அதை வெச்சுத்தான் ஒரு மழை கண்டதும் கட்டையச் சுத்தித் துளிர் தள்ளும். சீமைக்கிளுவை இதில பெரிய கெட்டிக்காரன், தேயிலை ரப்பர் தென்னைக்கு அடுத்த நாலாவது தோட்டப் பயிர் எண்டு நம்மட அரசாங்கமே அறிவிச்சதும் வெட்ட வெட்டத் தழைக்கிற அந்தக் குணத்துக்காகத்தானே. அப்ப வேருக்குள்ள இருக்கிறத எப்பிடி முடிக்கிற எண்டதுதான் முழுக் கதையும்.

எனக்கு ஆக நல்லா வேலை செஞ்சது மரத்த வெட்ட முதலே பட்டை உரிக்கிறது. நிக்கிற மரத்துல இடுப்புக்குக் கீழ சுத்திவர ஒரு சாண் அகலத்துக்குப் பட்டைய உரிச்சு, உள்ளுக்க வழுவழு எண்டு இருக்கிற படலத்தயும் கத்தியால நல்லா வழிச்சு எடுக்கணும். இலையில செய்ற சாப்பாடு பட்டை வழியாத்தான் வேருக்கு இறங்குது, அந்த வழிய அறுத்தா வேர் கையிருப்பத் தின்னு தின்னு முடிச்சுப்போட்டுக் கிடக்கும். பூவரசுக்கு இப்பிடித்தான் செஞ்ச. கொஞ்ச நாள்ல உரிச்ச இடத்துட மேல் விளிம்பு உதடு மாதிரித் தடிச்சு கீழ இறங்கப் பாக்கும், அதக் கண்டா உடன செதுக்கிருங்க, விரலகலம் பட்டை சேந்தாலும் மரம் பிழைச்சிரும். உரிச்சதுக்குக் கீழ வாற துளிரையும் விடக்கூடா. இலை முழுக்கக் கொட்டி, கொப்பு காஞ்சு ஒடியிற பதம் வந்த பிறகு தறிச்சம், அந்தக் கட்டையில இண்டைவரைக்கும் ஒரு இலை இல்ல. மாசக்கணக்காப் பொறுமை வேணும், அதுதான் இதுட குறை. வீட்டுக் கூரைக்கு மேல சாயிற மரத்துக்கு இது சரிவராது, காஞ்ச மரம் காத்துக்கு எந்தப் பக்கம் விழும் எண்டு சொல்லேலாது.

மதில் வேலை நெருக்கின இடத்துல மருந்துதான். வயல்ல புல்லுச் சாக அடிக்கிற கிளைபோசேட் எண்ட களைகொல்லி எண்ணெய், 2015 ல நாட்டுல தடை போட்டு, 2018 ல தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் விட்டு, 2022 ஆகஸ்ட்லதான் முழுசாத் தடை எடுபட்டது. கட்டைக்கு இத அடிக்கிறல்ல, பூசுறது. போத்தல்ல இருக்கிறத அப்பிடியே, இல்லாட்டி பாதிக்குப் பாதி தண்ணி விட்டு, பழைய பெயின்ட் பிரஷ்ஷால பட்டைக்கு உள்பக்க வளையத்துல மட்டும் பூசினாக் காணும், நடு வைரம் செத்த மரம், அதுல ஊத்திறது வீண் செலவு. வாள் ஓடி முடிஞ்ச கையோட மரத்தூளத் தட்டிப்போட்டு உடன பூசணும், கால் மணித்தியாலம் கடந்தாலே வெட்டுவாய் மூடி மருந்து உள்ளுக்கப் போறது குறைஞ்சிரும். ஆள் ஒண்டு வெட்ட, பின்னால மற்றாள் பிரஷ்ஷோட நிக்கோணும். மாரி தொடங்கினாத் தொடாதீங்க, கழுவிட்டுப் போயிரும். கிளவுஸ் போடுங்க. பக்கத்துல அதே சாதி மரம் வெச்சிருக்க ஆசையெண்டா யோசிச்சுச் செய்யிங்க, வேரோட வேர் ஒட்டியிருந்தா மருந்து அங்கயும் போகும்.

உப்பு, ஒயில் ரெண்டயும் எங்கட மாதிரி மணல் வளவுல போடவே வேணாம். மழை அதக் கொண்டுபோய்க் கிணத்துக்குள்ளதான் விடும், குடிக்கிறதும் அதுதானே. பெருங்காயத்தால மரம் ஒண்டும் சாகக் காணல்ல, சாம்பாருக்கே வெச்சிருக்கலாம். நெருப்பு வெச்சா மேல கருகும், பச்சை வேர் கீழ சிரிச்சிட்டுக் கிடக்கும். பெக்கோ (மண் தோண்டுற மெசின்) பிடிச்சுத் தோண்டலாம், காசுதான், மதில் அத்திவாரத்துக்கும் தண்ணிப் பைப்புக்கும் கிட்ட எண்டா பயம்.

சின்ன இப்பில் இப்பில் கட்டையள கறுத்த பொலித்தீனால மூடி மண் போட்டன், உள்ளுக்க வெள்ளையா மெலிஞ்ச துளிர் வந்து தானா வாடிச்சி. வெயிலுக்குப் பொலித்தீன் பிய்யும், மாத்தணும். மூடாம விட்டத பக்கத்து வீட்டு ஆடுகள் பாத்துக்கொண்டிச்சி, துளிர்த்த உடன கடிக்கக் கடிக்க கட்டை தானா ஓஞ்சிட்டுது, கூலியும் இல்ல.

வேம்புதான் கரைச்சல். கட்டை செத்தாலும் கொஞ்சம் தள்ளி வேர்லயிருந்து கன்று கிளம்புது, கண்டகண்ட நேரம் வெட்டிட்டே இருக்கம். கட்டை செத்தா வேலை முடிஞ்ச எண்டும் இல்ல, கறையான் வரும். வளவுக்கு அது நல்லம், உக்க வெச்சுத் தரும், ஆனா நிலை, ஜன்னலுக்குக் கிட்ட இருக்கிற கட்டைய அலவாங்கு போட்டுத் தோண்டி எடுத்திருங்க. பூவரசுக் கட்டை இப்ப நெம்பினாத் துண்டு துண்டா வருது, வேம்பு இன்னும் கல்லுதான். இப்பில் இப்பிலுக்குக் கட்டைய விட விதை மோசம், மண்ணுக்குள்ள வருசக்கணக்காக் கிடந்து முளைக்கும், அதுக்கு மருந்து தேடாதீங்க, மழை விட்ட கையோட இழுத்தா மணல்ல வேரோட லேசா வந்திரும்.