ஆறாயிரம் கொடுத்து முட்டிவலியை இடம் மாற்றிக்கொண்ட கதை

கோயமுத்தூரில் உடம்புக்கு ஏற்றபடி சைக்கிள் சீட், பெடல் அளவுகளைச் சரிசெய்து தருகிறோம் என்று 'கம்ப்யூட்டர் பைக் ஃபிட்டிங்' போர்டு போட்ட இடத்துக்குப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பேரைப் போடப்போவதில்லை, கேட்காதீர்கள்.

ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அறைய வாளையார் வரை மிதித்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் முட்டிச்சில்லுக்குக் கீழே வலி ஆரம்பித்தது. ஆனைகட்டி ஏற்றத்தில் அது இன்னும் முற்றியது. பெரிய கியரில் வைத்து நிமிஷத்துக்கு அறுபது சுற்று கூட வராமல் இறுக்கி மிதிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு, அதையும் ஒத்துக்கொள்கிறேன். சரி, காசு போனாலும் போகட்டும், முறையாக அளவு பார்த்துவிடலாம் என்று போனேன்.

கேமரா, பெரிய டிவி, லேசர் கோடு எல்லாம் இருந்தது. சீட் தாழ்வாக இருக்கிறது என்றார் அந்தத் தம்பி. முன் முட்டி வலிக்கு அது முக்கியமான காரணம்தான், அதுவரை நியாயம். ஆனால் கவட்டையில் இருந்து தரை வரைக்குமான கால் அளவை எடுக்கவே இல்லை. சைக்கிள் ஷூ பையில் இருக்க, போட்டிருந்த செருப்போடு ஏறி மிதிக்கச் சொல்லி வீடியோ எடுத்துவிட்டு, 68.5 சென்டிமீட்டரில் இருந்த சீட்டை ஒரே மூச்சில் 72.5-க்கு ஏற்றினார். அப்புறம் ஷூவின் அடியில் இருந்து பெடலோடு பூட்டிக்கொள்கிற என் மஞ்சள் கிளீட்டைப் பார்த்து, "இது புதுசா ஓட்டறவங்களுக்குங்ணா, சிவப்பு போட்டா பவர் வீணாகாது" என்றார். ஷிமானோ கம்பெனி கிளீட்டில் மஞ்சளுக்கு ஆறு டிகிரி ஆட்டம் உண்டு, அதாவது பூட்டிய பிறகும் பாதம் அவ்வளவு திரும்பும், நீலத்துக்கு இரண்டு, சிவப்புக்குச் சுத்தமாகக் கிடையாது. கொஞ்சம் கோணலாக மாட்டினாலும் முட்டிதான் திருகும். அந்தச் சிவப்பை அவர், என் கால் உள்ளே இல்லாத ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, ஆலன் கீயால் முடுக்கிக் கொடுத்தார். ஃபிட்டிங் 6,000, ஷூவுக்குள் போட இன்சோல் 2,400, கிளீட் 1,900. ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்.

இரண்டு வாரத்தில் முன்வலி குறைந்து பின்முட்டி இழுக்க ஆரம்பித்தது, இடது முட்டியின் உள்பக்கம் வேறு தனியாகக் குத்தியது. திரும்பிப் போனால், "பழகிடுமுங்ணா". மறுபடி போனால், பெடலைத் தாங்குகிற கிராங்க் நீளமாம், 172.5 மில்லிமீட்டரைக் கழற்றிவிட்டு 165 போடணுமாம், ஒன்பதாயிரம் ஆகுமாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்களோடு ஓட்ட வருகிற அண்ணன் ஒருத்தர் பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பின்னால் வந்து மொபைலில் வீடியோ எடுத்துக் காட்டினார், என் இடுப்பு தராசுத் தட்டு மாதிரி இரண்டு பக்கமும் ஏறி இறங்குகிறது. "ஏனுங்க, இடது கிராங்கைப் பாத்தீங்களா?" என்றார். குதிகால் உரசி உரசிப் பெயிண்டே போயிருந்தது! கிளீட் குதிகாலை உள்ளே தள்ளி, பாதத்தை வெளியே பார்க்க வைத்துப் பூட்டியிருக்கிறது. பட்டறைச் சுவரோரம் நிற்கவைத்து, கவட்டையில் கெட்டி அட்டைப் புத்தகத்தை ஒட்டக் கொடுத்து அளந்தார்: 80 சென்டிமீட்டர். அதை 0.883-ஆல் பெருக்கினால் 70.6 வரும், கிராங்க் அச்சின் நடுவில் இருந்து சீட்டின் மேல்புறம் வரைக்கும். இது ஆரம்பப் புள்ளிதான், எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது. அங்கே வைத்து, ஷூவோடு உட்காரவைத்து, பெடல் கீழே இருக்கும்போது முட்டி மடங்கும் கோணத்தைப் பார்த்தோம், 25-இல் இருந்து 35 டிகிரிக்குள் இருக்கணும். பிறகு இரண்டு மில்லிமீட்டர் ஏற்றுவது, இரண்டு ரைடு போவது, மறுபடி பார்ப்பது. கடைசியில் 70.9-இல் நின்றது. சீட் போஸ்ட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வைத்திருக்கிறேன். மஞ்சள் கிளீட்டையே திரும்ப மாட்டினேன், வலி முழுசாகப் போக மூன்று வாரம் ஆனது. அண்ணன் வாங்கிக்கொண்டது ஒரு டீ.

உங்களுக்கு முட்டி வீங்கியிருந்தாலோ மடக்க முடியாமல் மாட்டிக்கொண்டாலோ இந்த டேப் வேலையெல்லாம் வேண்டாம், எலும்பு டாக்டரிடம் போங்கள். மற்றவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: கால் அளவு எடுப்பீர்களா, என் ஷூவோடு பார்ப்பீர்களா, பழைய அளவையும் புது அளவையும் எழுதித் தருவீர்களா. மழுப்பினால் அப்படியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

காசைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். "இன்சோலை யூஸ் பண்ணிட்டீங்களேங்ணா" என்று பதில் வந்தது. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.