என்டிசியா, பிடிசியா, பிடி1000-ஆ? குளிர்பதன சென்சார்களை இனம்காண ஓர் ஒப்பீடு

6 மி.மீ. எஃகு முனை, கறுப்போ சாம்பலோ ஒரு கேபிள், இரண்டு கம்பி. குளிர்பதனக் கருவிகளில் வரும் வெப்பநிலை சென்சார்களின் மூன்று முக்கிய வகைகளும் வெளித்தோற்றத்தில் இப்படித்தான் இருக்கும்: வெப்பம் ஏற ஏறத் தடை இறங்கும் என்டிசி, தடை ஏறும் பிடிசி, அதேபோல் தடை ஏறும் பிளாட்டின வகையான பிடி1000. கேபிள் நிறத்துக்குப் பொதுவிதி ஏதும் இல்லாததால் நிறத்தை நம்பி வகையை முடிவு செய்யக் கூடாது. மல்டிமீட்டர் காட்டும் மின்தடையை மட்டும் நம்பலாம்.

அளப்பதற்கு முன் இரண்டு கம்பிகளையும் கன்ட்ரோலரிலிருந்து (சென்சாரைப் படித்துக் கம்ப்ரசரை இயக்கும் கருவி) கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே அளந்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட்டின் தடையும் சேர்ந்துவிடும். ஒரு பாத்திரம் நிறைய நொறுக்கிய ஐஸ் எடுத்து, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். முனை பாத்திரத்தின் சுவரைத் தொடாமல் நடுவில் இருக்கட்டும். மீட்டரில் எண் நகர்வது நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் 0 டிகிரி அளவு. அட்டவணையில் வரும் பீட்டா என்பது, வெப்பநிலையோடு என்டிசியின் தடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்லும் எண்.

| வகை | −20°செ. | 0°செ. | 25°செ. |
|---|---|---|---|
| என்டிசி 10 கிலோ ஓம் (பீட்டா 3435) | 67.8 கிலோ ஓம் | 27.3 கிலோ ஓம் | 10 கிலோ ஓம் |
| பிடிசி 990 ஓம் | சுமார் 677 ஓம் | சுமார் 807 ஓம் | 990 ஓம் |
| பிடி1000 | 922 ஓம் | 1000 ஓம் | 1097 ஓம் |

என்டிசியைப் பிரிப்பது சுலபம். முனையைக் கைக்குள் பிடித்தால் தடை இறங்கும்; மற்ற இரண்டிலும் ஏறும். குழப்பம் பிடிசிக்கும் பிடி1000-க்கும் இடையில்தான். மீட்டர் 1078 ஓம் காட்டினால் அது 20 டிகிரி அறையில் இருக்கும் பிடி1000-ஆகவும் இருக்கலாம், கைச்சூட்டில் இருக்கும் பிடிசியாகவும் இருக்கலாம். ஐஸில் இறக்கியதும் சந்தேகம் தீர்ந்துவிடும்: ஒன்று 1000-இல் நிற்கும், மற்றது 807 வரை இறங்கும்.

அதைவிட ஆபத்தானது என்டிசிக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் என்பது பல வெப்பநிலை-தடை வளைவுகளுக்குப் பொது. பீட்டா 3950-ஐ ஒட்டிய வகைகள் 0 டிகிரியில் 32 முதல் 33 கிலோ ஓம் வரை காட்டும். அதை 3435 வளைவை எதிர்பார்க்கும் கன்ட்ரோலரில் மாட்டினால் அறைவெப்பத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். 0 டிகிரியிலோ −4 என்று படிக்கும். ஃப்ரீசரின் ஆழக் குளிரில் பிழை இன்னும் பெருகும். கம்ப்ரசர் முன்கூட்டியே நின்று, திரையில் எண் அழகாக இருக்க, உள்ளே இருக்கும் பொருள் இளகும். மாற்று சென்சார் வாங்கும்போது 25 டிகிரி மதிப்போடு பீட்டாவையும் கேட்டு வாங்குவது கட்டாயம்.

பழுதாகும் விதத்திலும் இவை எதிரெதிர். டீஃப்ராஸ்ட் (உறைபனி நீக்கும்) சென்சாரின் முனையில் ஈரம் புகுந்து, தடைக்கு இணையாக 200 கிலோ ஓம் கசிவு உண்டானதாக வைத்துக்கொள்ளுங்கள். −20 டிகிரியில் என்டிசியின் 67.8 கிலோ ஓம் ஏறக்குறைய 50.6-ஆகச் சுருங்கி −14 போலத் தெரியும். அறை சென்சாரில் இதே கசிவு வந்தால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். அதே கசிவு பிடி1000-இல் சுமார் 1 டிகிரி, பிடிசியில் அரை டிகிரிக்கும் குறைவு. இரண்டும் உள்ளதைவிடக் குளிராகக் காட்டும். மாறாக, துருப்பிடித்த கனெக்டரால் 10 ஓம் கூடுதலாகச் சேர்ந்தால் என்டிசிக்கு அது பொருட்டே இல்லை, பிடி1000-இலோ 2.6 டிகிரி அதிகமாகத் தெரியும். ஈரமான இடத்துக்கு என்டிசி போடுவதென்றால், உறையும் கேபிளும் ஒன்றாக வார்க்கப்பட்ட நீர்ப்புகா வகையையே போடுங்கள். கேபிள் நீளம் என்டிசியைப் பாதிப்பதில்லை. பிடி100 (0 டிகிரியில் 100 ஓம் காட்டும் பிளாட்டின வகை) மட்டும் இதில் மிகவும் நுட்பமானது: இரண்டே கம்பியில் 1.6 ஓம் கேபிள் தடை சேர்ந்தாலே 4 டிகிரி பிழை வரும். மூன்று கம்பி வகை இருப்பது இதற்காகத்தான்.

ஆனால் மூன்று கம்பி இருந்தாலே பிடி100 என்று எண்ணிவிடாதீர்கள். அது டிஜிட்டல் சென்சாராகவும் இருக்கலாம். பிடி100-இல் ஒரே நிறக் கம்பிகள் இரண்டுக்கும் இடையே ஓரிரு ஓமே இருக்கும், மூன்றாவதோடு 100-ஐ ஒட்டி வரும்.

புதியதை மாட்டிய பின் கன்ட்ரோலரில் சென்சார் வகை அமைப்பைச் சரிபாருங்கள். பிடிசி அமைப்பில் என்டிசியை மாட்டினால் கம்பி அறுந்ததைப் போலப் பிழைக்குறி வரும். என்டிசி அமைப்பில் பிடிசியை மாட்டினால் 100 டிகிரியை ஒட்டிய எண்ணோ பிழைக்குறியோ தெரியும்.