வெள்ளத்தில் மான் வேட்டை: கரையோரமா, உள்மேடா?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றுத் தாழ்காடுகளில் வெள்ளைவால் மான்கள் இணைசேரும் உச்சம் பெரும்பாலும் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வரும். அதே சமயத்தில் ஆறும் ஏறினால், வெள்ளத் தடுப்புக் கரையோரம் பரண் கட்டுவதா, படகில் போய்க் காட்டுக்குள் இருக்கும் மேட்டில் உட்காருவதா என்ற குழப்பம் வரும்.

முதலில் ஒன்று: இணைசேரும் நாளைப் பகல் நீளம்தான் தீர்மானிக்கிறது, வெள்ளம் அதைத் தள்ளிப்போடாது. இடம்தான் மாறும். பெட்டை மான்கள் மேட்டில் ஒதுங்கும், ஆண் மான்கள் அவற்றைத் தேடி வரும், தேவைப்பட்டால் நீந்தியே.

செலவு: கரைக்குப் பரண் போதும். உள்மேட்டுக்குப் படகு, மோட்டார், மிதவைச் சட்டை எல்லாம் வேண்டும்.

மான் வரத்து: தண்ணீர் ஏறும்போது கரையோரம் நல்லது, ஆனால் வேட்டைக்காரர் கூட்டமும் அங்கேதான். பாதி ஏறி நின்ற தண்ணீரில் உள்மேடு அருமை. மேடு சுருங்கச் சுருங்க மானின் வழிகளும் குறையும். ஆனால் மேடே மூழ்கப் போகிறது என்றால் அங்கே போய்ப் பயனில்லை.

சுட்ட மானைக் கொண்டுவருவது: கரையோரம் என்றால் இழுத்து வந்தால் போதும். உள்ளே என்றால் படகில் ஏற்ற இன்னொரு ஆள் கட்டாயம்.

சட்டம்: லூசியானாவில் நீந்தும் மானைச் சுடக் கூடாது. ஆற்றின் அளவு குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டினால் சில பகுதிகளில் வேட்டையே மூடப்படும். அதனால் கிளம்புமுன் நீர்மட்டத்தைப் பாருங்கள்.

தனி ஆள், புதியவர் என்றால் கரையோரம். படகு பழகிய இருவர், தண்ணீர் நிலையாக நிற்கிறது என்றால் உள்மேடு. வேகமாக ஏறும் ஆறு என்றால் எனக்கு இரண்டுமே வேண்டாம். ஒண்ட இடமில்லாத மானைச் சுடுவதில் என்ன வேட்டை?